அல் முற்றத்து வானம்

எங்கள் ஊரில் பொழுது இரண்டு தடவை சாயும். ஒரு தடவை பனங்காட்டுக்குப் பின்னால், எல்லா ஊருக்கும் சாய்கிற மாதிரி. இன்னொரு தடவை, அதற்கப்புறம் இரண்டு மணி நேரத்துக்கும் மேலே கழித்து, உவைஸ் பாய் கட்டிய அல் முற்றம் ஹோட்டலின் நடுமுற்றத்தில். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் வாயைப் பிளப்பார்கள். எங்களுக்குப் பிளக்க ஒன்றுமில்லை, கரண்டு போவதும் குழாயில் தண்ணீர் வராததும் எப்படியோ அப்படித்தான் இதுவும், பழகிவிட்டது. வாயைப் பிளக்க வேண்டியது கூடப்பிறந்த இரண்டு பேர் ஒரு சட்டிப் பிரியாணிக்காக வருஷக்கணக்கில் பேசாமல் இருந்ததுக்குத்தான். அதைத்தான் சொல்லப் போகிறேன். நான் பூரணம், தையற்காரி. அல் முற்றத்துக்கும் என் கடைக்கும் ஒரே சுவர், அதனால் நான் சொல்வதில் பாதி கண்ணால் பார்த்தது, மீதி காதால் கேட்டது, கூட்டிச் சொல்ல எனக்கு நேரமில்லை.

முதலில் சட்டி. உவைஸ் பாய் ஆயுசில் பாதியை ரியாத்தில் ஒரு பெரியவர் வீட்டு அடுப்படியில் கழித்தவர். ஊரோடு வந்து சேர்ந்த முதல் வருஷம், ரமலான் கடைசியில், அந்த ஊரில் பிறை தெரிந்துவிட்டது என்று போனில் செய்தி வந்தது, எங்கள் வலம்புரிப்பட்டினத்து வானத்தில் தெரியவில்லை. இது ஒன்றும் புதுசில்லை, அங்கே பெருநாள் என்றால் இங்கே இன்னொரு நோன்பு என்று அடிக்கடி நடப்பதுதான். ஆனால் அத்தனை வருஷம் அந்தப் பிறைக்கே பெருநாள் கொண்டாடிப் பழகிய மனுஷன், ஊரும் இப்போதெல்லாம் போனைப் பார்த்துத்தான் பெருநாள் வைக்கும் என்று தானாக நினைத்துக்கொண்டு, மறுநாள் குளித்து, புதுச் சட்டை போட்டு, தன் கையாலேயே பிரியாணி ஆக்கி, முதல் சட்டி மூத்தவருக்குத்தான் என்று ஆசை ஆசையாக ஆட்டோவில் ஏற்றி அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அண்ணன் சதக்கு, ஊர் ஜமாஅத் தலைவர், நோன்பு. வீடு முழுக்க நோன்பு. ஆட்டோக்காரன் வாசலில் மூடியைத் திறந்து காட்டியதில் வாசம் தெருக்கோடி வரைக்கும் போனது, அந்தத் தெருவே நோன்பு.

"நோன்பாளி வீட்டுக்குப் பட்டப்பகல்ல பிரியாணியா? எனக்குப் படிச்சுக் கொடுக்கிறானா அவன்?" என்று சதக்கு பாய் போட்ட சத்தம் என் மிஷின் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது. தம்பி ஓடி வந்து "காக்கா, காக்கா" என்று, அவர்களுக்கு அண்ணன் என்றால் காக்காதான், கதவைத் தட்டியும் திறக்கவில்லை. நோன்பில்லாத வீடு என்று அங்கிருந்தே அந்தப் பிரியாணி என் வீட்டுக்கு வந்தது. மறைப்பானேன், நான் சாப்பிட்டேன், என் பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். சட்டியைக் கழுவி நான் சதக்கு பாய் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன், அங்கேதான் வந்தது சிக்கல். வந்த சட்டியை வெறும் சட்டியாகத் திருப்பி அனுப்புவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை, ஒரு பிடி அரிசியாவது போட்டுத்தான் அனுப்ப வேண்டும். ஏதாவது போட்டு அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை, வெறுமனே அனுப்பவும் மனசு வரவில்லை. அந்தச் சட்டி அவர் வீட்டுப் பரணில் கவிழ்ந்து கிடந்தது, பெருநாளுக்குப் பெருநாள் அண்ணன் ஒரு நாளும் தம்பி ஒரு நாளுமாகத் தனித்தனியே சோறு தின்றார்கள். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள், தையற்காரிக்குத் திண்டாட்டம் என்பதை யாரும் சொல்வதில்லை. எனக்குப் பிறை என்றால் துணி கொடுக்கிற தேதி. தம்பி வீட்டார் இன்றைக்கு வேண்டும் என்பார்கள், அண்ணன் வீட்டார் நாளைக்கு என்பார்கள், இரண்டு பக்கமும் என்னைத்தான் ஏசும்.

இப்படி இருக்கையில்தான் உவைஸ் பாய் என் கடையை ஒட்டிய காலி மனையில் அரபு நாட்டுக் கட்டடம் மாதிரி ஒரு ஹோட்டல் கட்டுவது என்று இறங்கினார். தூத்துக்குடியிலிருந்து ஜெனிட்டா என்று ஒரு பெண், கட்டட டிசைனர், சின்ன வயசு, பெரிய பை, லேப்டாப்போடு வந்தாள். மனையில் உட்கார இடமில்லாமல் என் கட்டிங் மேஜையில்தான் படத்தைத் திறந்து காட்டினாள். வெங்காயம் வெங்காயமாகக் கோபுரம், தங்கப் பெயிண்ட், வாசலில் இரண்டு சிமெண்ட் ஒட்டகம், அடிவயிற்றில் பல்பு எரிகிற அலங்கார விளக்கு.

உவைஸ் பாய் பார்த்துவிட்டுச் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "மேடம், இது சினிமா செட்டு. நான் அங்க இருந்த அத்தனை வருஷத்துல ஒட்டகத்தை ரோட்டுல போற லாரியிலதான் பார்த்திருக்கேன்."

"அப்போ எப்படி சார் இருக்கும்?"

"மண்ணு," என்றார். "மண் வீடு. தெருப்பக்கம் மொட்டையா இருக்கும், ஜன்னலே இருக்காது, சுவத்துல சின்னச் சின்ன முக்கோண ஓட்டை, காத்து மட்டும் வரும், எவன் கண்ணும் வராது. சுவரோட தலையில பல்லு பல்லா வரிசை. கதவுல மட்டும் கலர், கோலம் மாதிரி கட்டம் கட்டமா. அலங்காரம் எல்லாம் உள்ளே. உள்ளே போனா நடுவுல வானம் திறந்த முற்றம், சுத்தித் தூணு. ஒரு பக்கம் வந்தவங்க உக்காரற மஜ்லிஸ், சுவரைச் சுத்தித் தரையில மெத்தை, யாரும் யாருக்கும் முதுகு காட்டி உக்கார முடியாது. அங்கேயே காப்பி அடுப்பு. இன்னொரு பக்கம் பொம்பளைங்களுக்கு, மரச் சல்லடை போட்ட ஜன்னல், உள்ள இருந்து பார்த்தா எல்லாம் தெரியும், வெளிய இருந்து ஒண்ணும் தெரியாது."

"சாப்பாடு எல்லாரும் ஒரே தட்டிலா சார்? அப்படித்தான் படிச்சேன்," என்றாள் ஜெனிட்டா, குறிப்பு எடுத்துக்கொண்டே.

"அதுக்கு அரபு நாடு எதுக்கு? எங்க கல்யாண வீட்டுக்கு வா, சகன் போட்டு நாலு பேர் ஒரே தட்டுலதான் கை வைப்போம்."

அந்தப் பெண் கெட்டிக்காரி. படத்தை மூடிவிட்டு, "சார், நீங்க அந்த முற்றத்துல எங்க உக்காருவீங்க?" என்று கேட்டாள். கேட்டதும் உவைஸ் பாய் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர் அந்த முற்றத்தில் உட்கார்ந்ததே இல்லை. பெரியவர் நல்லவர்தான், காப்பியும் பேரீச்சம்பழமும் அடுப்படிக்கே கொடுத்தனுப்புவார், ஆனாலும் முற்றம் வந்தவர்களுக்கு, அடுப்படி இவருக்கு. அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு, தாழ்ந்த மேற்குச் சுவருக்கு மேலே வெயில் இறங்குவதைப் பார்ப்பாராம். "இப்ப நம்ம ஊர்ல இருட்டியிருக்கும், காக்கா பள்ளிக்குப் போய்ட்டு வந்திருப்பாரு, இப்பக் கஞ்சி குடிப்பாருன்னு தினம் கணக்குப் போடுவேன். அந்த வானத்தைப் பார்த்தாத்தான் எனக்குக் காக்கா ஞாபகம் வரும்." இதைச் சொல்லிவிட்டு என் மேஜையில் கிடந்த நூல்கண்டை எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தார். நான் ஊசி கோர்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அதற்கப்புறம் ஜெனிட்டா அவரை மனையில் நிற்கவைத்தே வரைந்தாள். "அடுப்படி நிலை எங்க? நில்லுங்க. சுவர் எங்க? கையை நீட்டுங்க. பெரியவர் தொழுகிற பாய் எந்தப் பக்கம் பார்த்து விரிச்சிருக்கும்?" அவர் கண்ணை மூடிக்கொண்டு கை காட்டுவார், அவள் சுண்ணாம்புக் கோடு போடுவாள். ஈச்ச மரத்துக்குப் பதில் எங்கள் பனை வாரை, அந்த ஊர் மண்ணுக்குப் பதில் எங்கள் செம்மண்ணும் வைக்கோலும். ஆனால் திசை மட்டும் அந்த ஊர்த் திசை. ரியாத்தில் பாய் விரிக்கிற திசை வேறு, இங்கே வேறு என்பது கண்ணை மூடிக்கொண்டிருந்தவருக்கு எப்படித் தோன்றும்? கட்டடம் ரோட்டுக்குக் கோணலாக, தெருவோடு சண்டை போட்டுக்கொண்டு போகிற ஆள் மாதிரி ஒரு தோளைத் திருப்பிக்கொண்டு எழும்பியது. கொத்தனார்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள், வாஸ்து பார்க்கிறவர் பார்க்கவே மறுத்துவிட்டார். பாதி எழும்பின பிறகுதான் உவைஸ் பாய்க்கு உறைத்தது. தொழுகிற அறையை மட்டும் நம் திசைக்கு ஒழுங்காகக் கட்டிவிட்டு, முற்றம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அல் முற்றம் என்று பலகை எழுதி மாட்டினார்கள். அரபில் பாதி தமிழில் பாதி, பிறக்கும்போதே ரெண்டுபட்ட பேர். திறப்பு விழாவன்று சாயங்காலம் வெளியே இருட்டியது. உள்ளே இருட்டவில்லை. தெருவில் விளக்குப் போட்டாச்சு, பள்ளியில் பாங்கு சொல்லியாச்சு, கோழிகள் அடைந்தாச்சு, முற்றத்துக் கிழக்குச் சுவரில் மட்டும் நாலு மணி வெயில் மஞ்சளாக அடித்துக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் முற்றத்துக்கு மேலே ஒரு துண்டு நீல வானம், மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தால் நட்சத்திரம். முதலில் பேசியது சீரியல் பல்பு கட்டின பையன்தான்: "இவ்ளோ பல்பு கட்டினேன், ஒண்ணுகூடத் தெரியல பாய்." அவனுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் பந்தி போட்டோம். ஜெனிட்டா மட்டும் முற்றத்து நடுவில் நின்று, தான் போட்ட சுண்ணாம்புக் கோட்டை மனசுக்குள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் கூடுதல் கரெக்டா வந்திருச்சு போல, அக்கா," என்றாள்.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் காகங்கள் எடுத்துக்கொண்டன, வெளியே இருட்டியதும் ஊர்க் காகம் முழுக்க முற்றத்துக்குள் இறங்கி இன்னொரு சாயங்காலத்தைக் கத்தித் தீர்த்தன. அப்புறம் நான் எடுத்துக்கொண்டேன், சும்மா சொல்லக் கூடாது, கரண்டு போகிற நேரத்தில் மிஷினைத் தூக்கி மரச்சல்லடைக்குப் பின்னால் போட்டேன் என்றால் ஊசிக் கண் பளிச்சென்று தெரியும், கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டுகிற வேலையையெல்லாம் அங்கேயே வைத்துக்கொண்டேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் புத்தகத்தோடு வந்தார்கள். பெண் பார்க்க வந்து சாயங்காலம் ஆகிவிட்டவர்கள் பெண்ணை அங்கே உட்காரவைத்து நல்ல வெளிச்சத்தில் பார்த்தார்கள். மளிகைக்கடை சங்கரலிங்கம்தான் எமகாதகர். உதயத்தை வைத்துத்தானே ராகுகாலம், உள்ளே உதயம் தள்ளித்தானே போகிறது என்று கண்டுபிடித்து, வெளியே ராகுகாலம் என்றால் உள்ளே வந்து கையெழுத்துப் போடுவார், உள்ளே ராகுகாலம் வருவதற்குள் வெளியே போய்விடுவார், ராகு அவரை எட்டிப் பிடித்ததே இல்லை. காலையில் கதை தலைகீழ், வெளியே பால்காரன் மணி அடிக்கும், உள்ளே நட்சத்திரம் மினுக்கும், வெள்ளாடு ஒன்று தெரியாமல் உள்ளே போய் மறுபடியும் படுத்துத் தூங்கிவிட்டது.

நோன்பு வந்ததும்தான் வம்பு வந்தது. விடியுமுன் சாப்பிடுகிற சஹருக்கு எழுந்திருக்காமல் தூங்கிவிட்ட பயல்கள், வெளியே வெயில் வந்த பிறகு நைசாக முற்றத்துக்குள் நுழைந்து, "இங்க இன்னும் விடியலியே" என்று அரபு மண்டிச் சோற்றை வெளுத்துவிட்டு, சாயங்காலம் ஊரோடு சேர்ந்து வெளியே நோன்பு திறந்தார்கள். விஷயம் பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்குப் போனது. அவர் கோபப்படுகிறவர் இல்லை, தாடியைத் தடவிக்கொண்டு ஒரே வார்த்தையில் முடித்தார்: "எந்த வானத்துக்குக் கீழே சஹர் வச்சியோ அந்த வானத்துக்குக் கீழேதான் திறக்கணும்." ஊரே கஞ்சி குடித்து ஏப்பம் விடுகிற நேரத்தில் முற்றத்து வெயிலில் நாக்கு வறண்டு உட்கார்ந்திருந்து பார்த்த பயல்கள், மறுநாளிலிருந்து ஒழுங்காக வெளியே எழுந்தார்கள். கடைசியில் அந்த வானத்துக்கு நோன்பு பிடித்தவர் உவைஸ் பாய் ஒருத்தர்தான். முற்றத்தை ஒட்டின அறையிலேயே படுக்கை, அங்கேயே சஹர், எல்லாரும் போன பிறகு தன்னந்தனியே அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு அந்த வானம் சாய்வதற்குக் காத்திருப்பார். அங்கே இருந்தபோது இருந்த மாதிரியே.

அந்த வருஷம் அதிசயமாக ஆரம்பப் பிறை இரண்டு இடத்திலும் ஒரே நாள், எல்லாரும் ஒன்றாகத்தான் நோன்பு பிடித்தார்கள். பெருநாள் பிறை நெருங்க நெருங்கத்தான் சதக்கு பாய்க்குச் சிக்கல் உறைத்தது. அவருடைய சட்டம் ஊருக்கே தெரியும், வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை சொல்வதுதான்: போன் சொன்னதும் டிவி சொன்னதும் கணக்கில்லை, நம் ஊரில் நின்று நம் கண்ணால் பார்த்தால்தான் பிறை. இப்போது அந்த ஊர் வானமே எங்கள் ஊருக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. வெளியே தெரியாத பிறை முற்றத்தில் தெரிந்துவிட்டால், அது எங்கள் ஊரில் நின்று எங்கள் கண்ணால் பார்த்த பிறையாகிவிடும். போனில் வந்த பிறையால் இரண்டு வீடு பிரிந்தது, கண்ணால் பார்த்த பிறையால் ஊரே பிரியும்.

"ஒரு ஊருக்கு ஒரு வானம் போதும்," என்று சதக்கு பாய் ஜமாஅத்தில் சொல்லிவிட்டார். "இருபத்தொம்பதாம் நாள் பார்ப்போம். முற்றத்துல வேற பிறை தெரிஞ்சா அதுக்கு மேல தகரம் போட்டு மூடிற வேண்டியதுதான்." தகரமும் வந்து இறங்கியது, என் கடைச் சுவரில்தான் சாத்தி வைத்தார்கள், காற்றடிக்கும்போதெல்லாம் தடதடவென்று மிரட்டிக்கொண்டே இருந்தது.

ஜெனிட்டாதான் கேள்விப்பட்டுப் பஸ் பிடித்து ஓடி வந்தாள். "சார், மேற்குச் சுவரை மட்டும் இடிச்சு ரோட்டுக்கு நேராத் திருப்பிக் கட்டிடலாம். வானம் சரியாயிடும்னு நினைக்கிறேன்."

"வேணாம் தங்கச்சி," என்றார். "தகரத்தால மூடினா காக்கா மூடினதா இருக்கட்டும். நானா அதை இடிக்க மாட்டேன்."

இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம் வானம் கழுவி வைத்த மாதிரி இருந்தது. பள்ளிவாசல் மொட்டை மாடியில் ஊரே ஏறிப் பார்த்தும் பிறை இல்லை. நோன்பு திறந்தார்கள், தொழுதார்கள், தொழுத கையோடு ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை, ஒவ்வொருவராக அல் முற்றத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஹஜ்ரத்தும் வந்துவிட்டார், ஊரே இங்கே இருக்கையில் பள்ளியில் தூணுக்கா இரவுத் தொழுகை தொழவைப்பது? ஆண்கள் முற்றத்தைச் சுற்றி மெத்தைகளில், நாங்கள் மரச்சல்லடைக்குப் பின்னால். உள்ளே பளீரென்று சாயங்கால வெயில். காகம் மட்டும் பேசியது.

உள்ளே வெயில் தாழ்கிற நேரத்தில் சதக்கு பாய் வந்தார். அந்த வாசலை அவர் மிதித்ததே இல்லை. கோணல் சுவரை ஒரு தடவை பார்த்தார், தூண்களைப் பார்த்தார், பனை வாரையைப் பார்த்தார். கையில் துண்டால் சுற்றின ஒரு பாத்திரம். என் பக்கத்தில் இருந்த ஜெனிட்டாவின் கையை நான் கிள்ளியே விட்டேன். சட்டி! நான் கழுவிக் கொடுத்த அதே சட்டி.

உவைஸ் பாய் காப்பி அடுப்புப் பக்கம் இருந்து எழுந்து நின்றார். "வாங்க காக்கா."

"உன் சட்டி," என்றார் அண்ணன், தம்பி முகத்தைப் பார்க்காமல். "கஞ்சி இருக்கு."

"எனக்கு இன்னும் நேரம் ஆகல காக்கா."

"தெரியும். ஆகட்டும். இருக்கேன்."

உட்கார்ந்தார். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது சும்மாவா? வந்தவர் உட்கார்ந்தால் காப்பி ஊற்ற வேண்டும், அது அந்த ஊர் மரியாதை. உவைஸ் பாய் இடது கையில் நீள மூக்குக் கூஜாவும் வலது கையில் ஒரு வாய்க்குக் காணாத சின்னக் கிண்ணமுமாக அண்ணன் முன்னால் வந்து ஊற்றினார். சதக்கு பாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தை நீட்டினார். தம்பி மறுபடி ஊற்றினார். குடித்தார், நீட்டினார். ஊற்றினார். அந்த வழக்கத்தில், போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும், ஆட்டாதவரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். இது ஊரில் எல்லாருக்கும் தெரியும், அல் முற்றத்துக்கு வந்து பழகின எல்லாருக்கும். சதக்கு பாய் வந்ததே இல்லையே. ஊற்றினதைக் குடிக்காமல் வைத்தால் தம்பிக்கு மரியாதையில்லை என்று கசப்புக் காப்பியைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிறார், தம்பி ஊற்றுகிறார்.

"அக்கா," என்று என் காதில் குசுகுசுத்தாள் ஜெனிட்டா, "ஆட்டினா நிறுத்திடுவாங்கன்னு அவருக்குச் சொல்லக் கூடாதா? பாவம்."

"வாயைத் திறந்தே கொன்னுருவேன்," என்றேன். உவைஸ் பாய் முகத்தை அவள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். நிறுத்தினால் எழுந்து போய்விடுவாரோ என்று பயந்து பயந்து ஊற்றுகிற முகம் அது. நோன்பு வாயோடு, நாக்கு வறண்டு, ஒரு சொட்டு சிந்தாமல்.

கூஜா காலியாவதற்கும் வெயில் சுவரில் ஏறி மறைவதற்கும் சரியாக இருந்தது. உவைஸ் பாய் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டார். சதக்கு பாய் தன் கையாலேயே சட்டியைத் திறந்து கஞ்சியை ஊற்றிக் கொடுத்தார். தம்பி கிண்ணத்தை வாங்கியவர் உடனே குடிக்கவில்லை, முதலில் அந்த ஆவியை முகத்தில் வாங்கிக்கொண்டார். மரச்சல்லடைக்குப் பின்னால் எங்கள் பக்கத்தில் மூக்குறிஞ்சுகிற சத்தம். சரி, நானும்தான்.

பிறகு எல்லாரும் எழுந்து நின்றார்கள். தாழ்ந்த மேற்குச் சுவருக்கு மேலே, பல்லு பல்லாக இருந்த வரிசைக்கு நடுவே, அந்த வானம் ஆரஞ்சாகி, சாம்பலாகி, சுத்தமாக, ஒரு மேகம் கூட இல்லாமல் கிடந்தது. சின்னப் பையன்களைத் தோளில் தூக்கிக் காட்டினார்கள், அவர்கள் கண் பொய் சொல்லாது. உற்றுப் பார்த்தார்கள், கண்ணைக் கசக்கிப் பார்த்தார்கள், உட்கார்ந்து பார்த்தார்கள், எட்டிப் பார்த்தார்கள். உவைஸ் பாய் உதடு அசைந்துகொண்டே இருந்தது. என்ன கேட்டார் என்று அப்புறம் சொன்னார்: பிறை தெரியக் கூடாது அல்லாவே என்று கேட்டாராம், வாழ்நாளில் அப்படி ஒரு துஆ கேட்டதில்லையாம். வெளிச்சம் போய் முதல் நட்சத்திரம் வந்தது.

ஹஜ்ரத் திரும்பி நின்றார். "இல்லை," என்றார்.

அம்மாடி, அந்த ஒரு இல்லைக்கு எழுந்த சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்! கிடைத்ததுக்குச் சந்தோஷப்பட்டுப் பார்த்திருக்கிறேன், இல்லை என்றதுக்கு ஒரு ஊரே கட்டிப் பிடித்துக்கொண்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். வெளியேயும் இல்லை, உள்ளேயும் இல்லை, இரண்டு வானமும் ஒன்றாகக் கையை விரித்துவிட்டன, நாளைக்கு எல்லாருக்கும் முப்பதாவது நோன்பு, மறுநாள் பிறை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் எல்லாருக்கும் பெருநாள். எனக்கு நெஞ்சுக்கூட்டிலிருந்து ஒரு அம்மிக்கல்லை இறக்கிவைத்த மாதிரி இருந்தது.

அந்தக் கூச்சலுக்கு நடுவில் சதக்கு பாய் தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கினார். "தெரிஞ்சிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு நினைக்கிற? தகரம் போடச் சொன்னவன் நானு. நம்ம ஊர்ல நம்ம கண்ணால பார்த்தாப் போதும்னு சொன்னவனும் நானு. வாக்குன்னா வாக்குத்தானடா. நீ இடிக்க மாட்டேன்னு சொன்னது காதுல விழுந்த அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். தெரிஞ்சா நாளைக்கு உன்கூடப் பெருநாள் வைக்கிறதுன்னுதான் சட்டியைத் தூக்கிட்டு வந்தேன்."

உவைஸ் பாய் பேந்தப் பேந்த முழித்தார். "காக்கா... நான் தெரிஞ்சாலும் நாளைக்கு உங்ககூட நோன்பு பிடிக்கிறதுன்னு முடிவு பண்ணியிருந்தேன்."

சுற்றி நின்றவர்களுக்கு மெதுவாகத்தான் புரிந்தது, புரிந்ததும் முதலில் ஹஜ்ரத்தே குலுங்கிச் சிரித்துவிட்டார். பிறை மட்டும் தெரிந்திருந்தால், அண்ணனுக்குப் பெருநாள், தம்பிக்கு நோன்பு. அண்ணன் ஆசை ஆசையாகப் பிரியாணி ஆக்கி, முதல் சட்டி இளையவனுக்குத்தான் என்று, பட்டப்பகலில், நோன்பாளி வீட்டுக்கு ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருப்பார். அதே சட்டியில்.

தகரத்தை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. என் கடைக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது, போட்டுக்கொண்டேன். ஊர் முழுக்க ஒரே நாளில் துணி கேட்டதில் என் இடுப்பு ஒடிந்தது, யாரையும் ஏசவில்லை. பெருநாளன்று கடைசி ஜாக்கெட்டைச் சதக்கு பாய் வீட்டில் கொடுக்கப் போன நேரம் உச்சிவெயில், அல் முற்றத்துக்குள் இன்னும் காலைதான், ஆனால் இரண்டு இடத்திலும் பெருநாள். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. உவைஸ் பாயே சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். மூடியைத் திறந்ததும் வாசம் தெருக்கோடி வரைக்கும் போனது, தெருவில் ஒருத்தரும் நோன்பில்லை.

சகன் விரித்தார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே தட்டில் கை வைத்தார்கள். சதக்கு பாய் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார், மென்றார், நிறுத்தினார். தட்டைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்க்கவில்லை, வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்.

"பூரணம், அன்னைக்கு நீதானே சாப்பிட்ட. அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

இத்தனை வருஷமும் மனுஷன் அதைத்தான் நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

"இதேதான் பெரிய பாய்," என்றேன். "இதே ருசிதான்."

"பாவி," என்றார். யாரைத் திட்டினார் என்று எனக்கும் தெரியவில்லை, உவைஸ் பாய்க்கும் தெரியவில்லை. தட்டில் இருந்த பெரிய கறித்துண்டைத் தம்பி பக்கம் தள்ளிவிட்டு அடுத்த கவளத்தை எடுத்தார்.